எலிவேஷனுக்குப் பின்னால் இருக்கும் வீடு

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வீடு கட்டப் போகிறவர்கள் பிளான் கைக்கு வந்த மறுநாளே கேட்பது ‘3டி எலிவேஷன்’. மனையடி பார்த்தாயிற்று, வாஸ்து பார்த்தாயிற்று, பேங்க் லோனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இனி தெருவில் நின்று பார்த்தால் வீடு எப்படி இருக்கும் என்ற படம் வாட்ஸ்அப்பில் வந்தாக வேண்டும். வருகிறது. அதில் வானம் நீலமாக இருக்கிறது, போர்டிகோவில் வெள்ளைக் கார் நிற்கிறது, காம்பவுண்டுக்குள் புல்தரை விரிந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் செல்போனைக் கைமாற்றிப் பார்த்து, பாரபெட்டுக்கு என்ன நிறம், முன்பக்கத்துக்கு டைல்ஸா கிரானைட்டா என்று பேசி முடிவெடுக்கிறார்கள். பெரிய தொகைகள் அந்தப் பேச்சிலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

இப்படி ஒரு படம் தயாராவதற்குள் கம்ப்யூட்டரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. சுவர், தளம், படி, ஜன்னல் எல்லாவற்றையும் அளவோடு எழுப்பி ஒரு மாடல் செய்வது முதல் வேலை. அந்த மாடலின் மேல் வெளிச்சமும் நிறமும் ஏற்றி, புகைப்படம் போல ஒரு படம் எடுப்பது இரண்டாவது; அதைத்தான் ரெண்டர் என்கிறார்கள். வாடிக்கையாளர் காசு கொடுப்பது ரெண்டருக்கு. அவருடைய பணத்தையும் முழங்காலையும் காப்பாற்றக்கூடியது மாடல். இரண்டும் வளர்ந்த விதத்தையும் இன்று பயன்படும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், நம் ஊரில் இந்தத் தொழில் தலைகீழாக நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டுவதற்கு முன்பே காட்டிவிட வேண்டும் என்ற ஆசை பழையது. இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற தோட்ட வடிவமைப்பாளர் 1788-இல் தொழில் தொடங்கினார். வாடிக்கையாளர்களுக்குச் சிவப்புத் தோல் அட்டை போட்ட புத்தகங்கள் தயாரித்துக் கொடுப்பார். ஒரு பக்கத்தில் நிலம் இப்போது இருக்கும் நிலை நீர்வண்ணத்தில் இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் காகித மடிப்பைத் தூக்கினால் அவர் செய்யப்போகும் மாற்றம் தெரியும். அந்த மடிப்பைத் தூக்கும் நொடியில்தான் வாடிக்கையாளர் சம்மதித்தார். இன்றைய ரெண்டர் ஸ்டுடியோக்களும் அந்த நொடியைத்தான் விற்கின்றன. 1920-களின் நியூயார்க்கில் ஹ்யூ ஃபெரிஸ் பிறர் வடிவமைத்த கட்டடங்களை வரைந்து காட்டுவதையே தன் தொழிலாக வைத்திருந்தார். ஆக, வடிவமைப்பவர் ஒருவர், படம் போடுபவர் வேறொருவர் என்ற பிரிவுக்குக் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்ல முடியாது.

மென்பொருளின் கதை 1963-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்ற மாணவர், திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலைத் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக எழுதினார். 1982-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேடை வெளியிட்டது. டிராயிங் போர்டு மேசையிலிருந்து திரைக்கு வந்தது, ஆனால் கோடு கோடாகவே இருந்தது. இரண்டு இணைகோடு போட்டால் அது சுவர் என்று வரைந்தவருக்குத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைத் தெரிய வைத்தவர்களில் முன்னோடிகள் ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தார். 1980-களிலேயே அவர்களுடைய ஆர்க்கிகேடில் சுவர் சுவராகவும் கதவு கதவாகவும் இருந்தன. 2000-இல் வந்து, 2002-இல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போன ரெவிட் இதையே இன்னும் இறுக்கிக் கட்டியது. ஒரு ஜன்னலை நகர்த்தினால் பிளான், செக்ஷன், எலிவேஷன், செங்கல் கணக்கு எல்லாம் தாமாக மாறும்.

ஆனால் சிறு அலுவலகங்களுக்கு 3டியைக் கொண்டுவந்தது ஸ்கெட்ச்அப். அதுவும் 2000-இல் வந்ததுதான், கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரத்தில். தரையில் ஒரு சதுரம் வரைந்து, அதைப் பிடித்து மேலே இழுத்தால் அறை எழுந்து நிற்கும். 2006-இல் கூகுள் அதை வாங்கி இலவசப் பதிப்பு ஒன்றை வெளியிட்டதும், உலகெங்கும் டிப்ளமோ படித்த பிள்ளைகள் ஒரு வாரத்தில் வீடு எழுப்பக் கற்றுக்கொண்டார்கள். அதே 2006-இல் பிரான்சின் எம்மானுவேல் புய்பாரே எழுதிய ஸ்வீட் ஹோம் 3டி வந்தது. வீட்டுக்காரரே தன் அறையில் கட்டிலை நகர்த்திப் பார்க்கலாம் என்று அது காட்டியது. 2012-இல் ஸ்கெட்ச்அப் டிரிம்பிள் நிறுவனத்துக்குப் போனது. அதற்குள் நம் ஊர் டிப்ளமோக்காரர்களின் லேப்டாப்களில் அது குடியேறிவிட்டது.

இப்போது மாடலுக்கு வருவோம். பிளான் என்பது படித்தவர்களுக்கு மட்டும் பேசும் தாள். இடுப்பளவு உயரத்தில் வீட்டைக் கிடையாக அறுத்து, மேலிருந்து பார்த்தால் தெரிவது அது. உயரம் என்ற ஒன்றே அதில் கிடையாது. நம் வீடுகளில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை உயரத்தில் நடப்பவை.

மாடிப்படிக்கு அடியில் பாத்ரூம் வைப்பது நம் வழக்கம். பிளானில் அது கச்சிதமாக உட்காரும். தரைக்கும் மேல்தளத்துக்கும் 10 அடி என்றால் பாதி வழியில் வரும் லேண்டிங் 5 அடி உயரத்தில் இருக்கும். அதன் கான்கிரீட் கனம் 5 அங்குலத்தைக் கழித்தால் அடியில் கிடைப்பது 4 அடி 7 அங்குலம். பாத்ரூம் தரையை இறக்காமல் விட்டால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பிளானைப் பார்த்து இதைச் சொல்ல அனுபவம் வேண்டும். மாடலில் ஓர் ஆளை நிறுத்தினால் தலை கான்கிரீட்டுக்குள் புகுந்து நிற்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

படிகளும் அப்படித்தான். 10 அடி ஏற 6 அங்குலப் படி என்றால் 20 உயரங்கள். இரண்டு மடிப்பாகப் போட்டால் ஒரு மடிப்பில் 10 அங்குல மிதிபடி ஒன்பது வரும், அது ஏழரை அடி. லேண்டிங்குக்கு 3 அடி சேர்த்தால் பத்தரை அடி நீளம் வேண்டும். பிளானில் ஒன்பதடிதான் விட்டிருக்கிறது என்றால் மேஸ்திரி என்ன செய்வார்? உயரங்களை 16 ஆகக் குறைப்பார். ஒவ்வொரு படியும் ஏழரை அங்குலம் ஆகும். அது ஏறத்தாழ 190 மில்லிமீட்டர். வீட்டுப் படிகளுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அனுமதிக்கும் உச்ச அளவு. சட்டப்படி சரி. எழுபது வயதில் அந்த வீட்டுக்காரர் மாடிக்குப் போவதை நிறுத்திவிடுவார். இந்தக் கணக்கு மாடல் செய்யும்போதே வெளியே வந்துவிடும், ஏனென்றால் கம்ப்யூட்டரில் படியை எழுப்புகிறவர் ஒவ்வொரு படியின் உயரத்தையும் எங்கேனும் ஓரிடத்தில் எண்ணாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

மாடலின் இன்னொரு பயன் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. வீடு கட்டும் பேச்சில் பிளான் தாளைச் சுற்றி உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த வீட்டில் தினமும் அதிக நேரம் நிற்கப்போகிறவர் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். தாளைக் காட்டி “சரியாம்மா?” என்றால் “நீங்க பாத்து செய்ங்க” என்பதுதான் பதிலாக வரும். அதே சமையலறையை மாடலில் கண்ணுயரத்தில் காட்டினால் கேள்விகள் வரிசையாக வரும். கிரைண்டர் எங்கே? அடுப்புக்கு நேர் எதிரே ஜன்னல் வைத்தால் காற்றில் தீ அணையாதா? சிலிண்டர் உள்ளேயா வெளியேயா? பாத்திரம் கழுவின தண்ணீர் சொட்ட இடம் எங்கே? லாஃப்ட் எனக்கு எட்டுமா? இவை ஒவ்வொன்றும் ஒரு பிளக் பாயின்ட்டை, ஒரு குழாயை, ஒரு ஜன்னலை இடம் மாற்றும் கேள்வி. கான்கிரீட் போட்ட பிறகு வந்தால் சுவரை உடைக்கும் கேள்வி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாடலுக்குள் பார்வை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மாற்றிக்கொள்ளலாம். ஐந்தரை அடியில் விட்டுவிட்டால் அது உயரமான ஆணின் கண். ஐந்தடிப் பெண்ணின் கண் நாலரை அடியைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கும். அந்த எண்ணை மாற்றி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டுகிற இன்ஜினியர் நல்ல இன்ஜினியர்.

இதற்கெல்லாம் நிறமும் வேண்டாம், புல்தரையும் வேண்டாம். வெறும் வெள்ளைச் சுவர் மாடல் போதும். சொல்லப்போனால் வெள்ளை மாடலில்தான் பேச்சு அளவைப் பற்றி இருக்கும். டைல்ஸ் நிறம் வந்த நிமிடம் பேச்சு டைல்ஸுக்குப் போய்விடும்.

இனி ரெண்டர். அதற்குப் பின்னால் உள்ள கணிதம் மதிப்புக்குரியது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. டர்னர் விட்டெட் 1980-இல் ஒளிக்கதிரைக் கண்ணிலிருந்து பின்னோக்கித் தொடரும் முறையை எழுதினார். 1984-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார், சிவப்புச் சுவரின் சாயல் பக்கத்து வெள்ளைச் சுவரில் படிவதைக் கணக்கிட்டார்கள். 1986-இல் ஜேம்ஸ் கஜியா இவை அனைத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். இன்றைய ரெண்டர் மென்பொருள்களான வி-ரேயும் பிளெண்டரின் சைக்கிள்ஸும் அந்தச் சமன்பாட்டைத்தான் தோராயமாகத் தீர்க்கின்றன. கதிர்களை ஏராளமாகச் சிதறவிட்டுச் சராசரி எடுப்பதால் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் வரும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். அதனால்தான் ஒரு படத்துக்கு இரவு முழுக்கக் கம்ப்யூட்டர் ஓடியது. 2010-இல் நெதர்லாந்திலிருந்து வந்த லூமியன் வேறு குறுக்குவழிகளால் சில விநாடிகளில் படம் கொடுத்தது. மரமும் மனிதரும் காரும் அதிலேயே தயாராக இருந்தன. நம் எலிவேஷன் படங்களில் ஒரே மரங்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு இத்தகைய தயார் நூலகங்களே காரணம்.

கணிதம் நேர்மையானது. அதற்குக் கொடுக்கப்படும் எண்கள்தான் கவனிக்க வேண்டியவை.

லென்ஸை எடுத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 40 டிகிரியைப் பிடிக்கும். 18 மில்லிமீட்டர் லென்ஸ் 90 டிகிரியைப் பிடிக்கும். பத்துக்குப் பத்து பெட்ரூமை ஒரே படத்தில் அடக்க 18 வைக்கிறார்கள். அதுவும் போதாமல் கேமராவைச் சுவருக்கு வெளியே தள்ளி, குறுக்கே வரும் சுவரை மறைத்துவிடுகிறார்கள். படத்தில் தெரியும் பெட்ரூம் ஹால் மாதிரி விரியும். அந்தப் பார்வை கிடைக்கும் இடத்தில் வீடு கட்டி முடிந்தபின் யாரும் நிற்க முடியாது, அங்கே செங்கல் இருக்கும். அந்த அறையின் உண்மைக் கணக்கு இது: ஐந்தடி அகலக் கட்டில், இரண்டடி ஆழ அலமாரி. மீதி மூன்றடி. கட்டிலின் இரு பக்கமும் ஒன்றரை அடி வீதம். அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலை உரசும். பூச்சு வேலை முடிந்ததும் பத்தடியில் ஓர் அங்குலம் வேறு போய்விடும்.

வெயிலில் நடப்பது இதைவிட மோசம். ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால், அது தான் பிறந்த போல்டர் நகரத்தையே வைத்து நிழல் போடுவது பல ஆண்டுப் பழக்கம். போல்டர் 40 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கே நிற்கும். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. அந்தக் கோடைக்கு வடக்குச் சுவர்தான் வெயில் சுவர், படத்திலோ அது நிழலில் குளிர்ந்து நிற்கும்.

நண்பகல் வெயில் செங்குத்தாக விழுவதால் ஒரு சன்ஷேட் அதைத் தடுத்துவிடும். நம்மை வாட்டுவது மேற்கு. மே மாத நடுவில் சென்னையில் மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 34 டிகிரி உயரத்தில் இருக்கும். மேற்கு ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேட் இருந்தாலும் ஒன்றரை அடிக்குக்கூட நிழல் இறங்காது. நாலடி ஜன்னலில் மீதி இரண்டரை அடி வழியாக வெயில் நேராகக் கட்டிலில் விழும். இருப்பிடத்தையும் தேதியையும் நேரத்தையும் சரியாகக் கொடுத்தால் இதே மென்பொருள் இதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். படத்தை அழகாக்க நிழலை இடது பக்கமும் வலது பக்கமும் இழுத்துப் பார்க்கும் கை, அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வருத்தம் தரும் விஷயம் இதுதான். மின்விசிறியும் ஏசியும் இல்லாமல் சமாளித்த வீடுகளை நம் முன்னோர் கட்டினார்கள். வெயிலை முன்கூட்டியே பார்க்கும் கருவி நம் கையில் இருக்கிறது, அதை வானத்துக்கு நீலம் பூசப் பயன்படுத்துகிறோம்.

படத்தில் வராதவை ஒரு பெரிய பட்டியல். ஈ.பி. மீட்டர் பெட்டி, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, ஏசியின் வெளி யூனிட், செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய், கொடிக்கயிறு. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பின் குழாய்களும் வராது. பக்கத்து வீடும் வராது. அந்த இடத்தில் மரம் இருக்கும். வீடு முடிந்ததும் இவற்றில் பலவும் முன்பக்கத்தில்தான் வந்து ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அவற்றுக்கு யாரும் இடம் யோசிக்கவில்லை.

எலிவேஷன் மோகம் வீட்டின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. பெட்டி பெட்டியாக முன்தள்ளும் கான்கிரீட் சட்டங்கள் படத்தில் எடுப்பாக இருக்கும், சன்ஷேட் படத்தைக் கெடுக்கும். அதனால் சன்ஷேட் போனது. ஐப்பசி மழையில் ஜன்னல் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. முன்பக்கத்தில் தொங்கும் பெட்டியை எந்த பீம் தாங்கும் என்ற கேள்வி படம் வரைந்தவரிடம் எழுவதில்லை, அவர் மனையைப் பார்த்ததுகூட இருக்காது. எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து, அனுப்பிய பிளானுக்கு ஒரு முகம் ஒட்டித் தருகிறார். கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) மனையில் நின்றுகொண்டு, பழைய கல்யாண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில்கூடப் படம் வரைந்து கட்டினார். இருக்கும் மரத்தைச் சுற்றிச் சுவரை வளைத்தார். அவரிடம் மென்பொருள் இல்லை. அவர் வரைந்ததில் அந்த மனை இருந்தது. கருவியைக் கைவிடச் சொல்லி இதைச் சொல்லவில்லை. மனைக்குப் போய், மரத்தையும் பக்கத்து வீட்டின் உயரத்தையும் தெருவின் மட்டத்தையும் அளந்துவந்து மாடலில் முதலில் வைத்தால் ஸ்கெட்ச்அப்பிலும் பேக்கரைப் போல யோசிக்கலாம்.

பொறுப்பு யாருடையது என்பது சிக்கலான கேள்வி. 1972-இன் கட்டடக்கலைஞர் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைத்தான் காக்கிறது, வடிவமைக்கும் தொழிலைப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. ஆக, அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை யாரும் வீடு வடிவமைத்துத் தரலாம். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரையான தரைத்தள, முதல்தள வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு இது நல்ல காரியம். அதே சமயம், வரைபடத்தை இன்னொரு கண் பார்க்கும் கட்டம் சுருங்கிவிட்டது. கட்டுவதற்கு முன் மாடலில் வீட்டைச் சோதிப்பது இதனால் இன்னும் அவசியமாகிறது.

அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்தவர் அதிலிருந்த பொய்யான தகவலால் நஷ்டப்பட்டால் கட்டுமான நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டுகிறவருக்கு இந்தச் சட்டம் உதவாது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் சேவைதான், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஒப்பந்தத்தோடு இணைக்கப்படாத, அளவு குறிக்கப்படாத வாட்ஸ்அப் படத்தை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது? லண்டனில் பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதியில், எந்த இடத்திலிருந்து, எந்த லென்ஸில், எந்த உயரத்தில் எடுத்த படம் என்று சான்றோடு தரும் ‘சரிபார்க்கப்பட்ட காட்சிகள்’ வழக்கத்தில் இருக்கின்றன. இடமும் பருமனும் மட்டும் காட்டும் படத்திலிருந்து கட்டுமானப் பொருள் வரை காட்டும் படம் வரை நான்கு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். நம் வீடுகளுக்கு அத்தனை வேண்டாம். படத்தின் ஓரத்தில் ‘கேமரா உயரம், லென்ஸ், தேதி, நேரம், ஊர்’ என்று ஒரே வரி அச்சிட்டால் போதும்.

2022-க்குப் பிறகு வந்த செயற்கை நுண்ணறிவுப் படங்கள் நிலைமையை வேறு பக்கம் திருப்பியிருக்கின்றன. வார்த்தையில் சொன்னாலே வீட்டின் படம் வந்துவிடுகிறது, மாடலே தேவையில்லை. வாடிக்கையாளர் அதை எடுத்துக்கொண்டு வந்து, இதைக் கட்டிக் கொடுங்கள் என்கிறார். அந்தப் படத்துக்கு அளவு கிடையாது. மாடியிலிருக்கும் ஜன்னலுக்குப் பின்னால் எந்த அறை என்று அதற்குத் தெரியாது. ரெண்டருக்காவது அடியில் ஒரு மாடல் இருந்தது, தப்பைத் தேடிப் பிடிக்க வழி இருந்தது. விருப்பத்தைச் சொல்ல இந்தப் படம் உதவலாம், ஒரு தொடக்கப் பேச்சுக்கு. அதற்கு மேல் அதை நம்பி ஒரு கம்பி வாங்கக்கூடாது.

வீடு கட்டப் போகிறவர் தன் இன்ஜினியரிடம் உரிமையோடு கேட்க வேண்டியவை இவற்றிலிருந்தே கிடைக்கின்றன. முதலில் வெள்ளை மாடலைக் காட்டச் சொல்ல வேண்டும், வீட்டிலுள்ள அத்தனை பேரையும் உட்கார வைத்து. மே மாதம் மாலை 4 மணிக்கும் மார்கழி காலையிலும் வெயில் எங்கே விழுகிறது என்று கேட்க வேண்டும். தங்களிடம் இருக்கும் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் ஆகியவற்றை அளந்து கொடுத்து, அதே அளவில் வைக்கச் சொல்ல வேண்டும். நூலகத்து மரச்சாமான்கள் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியும் மீட்டர் பெட்டியும் பக்கத்து வீட்டுச் சுவரும் மாடலில் இருக்க வேண்டும். நிறமும் புல்தரையும் கடைசியில் வரட்டும்.

இன்னொன்று இன்னும் யாரும் கேட்டுப் பழகாதது. வீடு முடிந்ததும் சாவியோடு சேர்த்து அந்த மாடல் கோப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டும்போது மாறியவற்றை மாடலிலும் மாற்றி, பூச்சுக்கு முன் சுவருக்குள் போன ஒயர் பைப்புகளையும் தண்ணீர்க் குழாய்களையும் குறித்து, போட்டோக்களையும் சேர்த்துத் தரச் சொல்ல வேண்டும். இன்ஜினியருக்கு அது கூடுதலான சில நாள் வேலைதான், அதற்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம். எலிவேஷன் படத்துக்குக் கொடுக்கத் தயங்காத வீட்டுக்காரர் இதற்குத் தயங்க வேண்டியதில்லை. பத்து வருடம் கழித்துப் பாத்ரூம் சுவரில் ஈரம் கசியும்போது எந்த டைல்ஸை உடைக்க வேண்டும் என்று பிளம்பர் அந்தக் கோப்பில் பார்த்துக்கொள்வார்.